பாதி வெண்டைக்காய்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி மக்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதம் போகிற போக்கில் கடைசியில் மறந்தாலும் மறந்துவிடுவேன். இங்கே தோட்டம் செழிப்பாக இருக்கிறது. உன் அக்கா அதைவிடச் செழிப்பாக இருக்கிறாள். நான் மட்டும் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று உன் அக்கா உன்னோடு போனில் பேசியதை நான் ஒட்டுக் கேட்கவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், எனக்குக் காது இருந்தது, அவ்வளவுதான். "ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடு தம்பி, பெட்டியெல்லாம் தயாரா வச்சிருக்கேன்" என்றாள். திரும்பிப் பார்த்தேன். பரண்மேல் கிடந்த அந்த இரண்டு பெட்டிகளும், எங்கள் கல்யாணத்துக்கு உங்கள் அப்பா வாங்கிக்கொடுத்தவை, தூசி தட்டித் துடைத்து உள்ளறைக் கதவோரம் நிற்கின்றன. இந்த வயதில் பெண்டாட்டி பெட்டி கட்டுகிறாள் என்றால் ஊர் என்ன பேசும் என்பதுகூட அப்புறம், காலையில் எழுந்ததும் நான் யாரிடம் எரிந்துவிழுவேன்? போனில் சொல்லலாமே என்பாய். என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததிலிருந்து பேசுவதில்லை, இப்போது அந்த விஷயத்தில் அதுவும் உன் அக்காவும் ஒரே கட்சி. அதனால்தான் கடிதம். மூலைவீட்டு பஸ் டிரைவர் நாளைக் காலை உன் ஊர் வழியாகப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரும் குற்றவாளிகளில் ஒருவர்தான், அது பிறகு வரும். நடந்ததை முழுசாகப் படித்துவிட்டு வண்டியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்.

முதல் குற்றவாளி நீ. நான் ஓய்வு பெற்ற அன்று உறவுக்காரர்கள் எல்லோரும் கடிகாரம் கொடுத்தார்கள், நீ விதைப் பொட்டலம் கொடுத்தாய். "சும்மா உக்காந்திருந்தா கை கால் மரத்துப்போயிடும் அத்தான், நாலு விதையைத் தூவி விடுங்க" என்றாய். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பதும், முத்திரை இல்லாததைப் பறிமுதல் செய்வதும் என் உத்தியோகம். மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பொட்டலத்தில் போட்டிருந்தபடி போட்டேன். ஒரு வெண்டைச் செடி எத்தனை காய் காய்க்கும் என்று பொட்டலத்தில் போட்டிருக்கவில்லை, அதுவே ஒரு சட்ட மீறல். வெண்டை காய்த்தது, கத்தரி காய்த்தது, சுரைக்கொடி சுவரேறிப் போய்ப் பல் டாக்டர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தது, பூசணி போகிற வழியெல்லாம் படுத்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேர். எங்கள் இரண்டு பேருக்கு அது ஒரு படைக்குப் போடுகிற காய். காலையில் வெண்டைக்காய், மத்தியானம் வெண்டைக்காய், ராத்திரி வெண்டைக்காயைப் பார்த்து நான் எழுந்துபோய்விட்டேன்.

உன் அக்கா அக்கம்பக்கத்தாருக்கு அள்ளி அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான்தான் தடுத்தேன். உழைப்பைச் சும்மா கொடுத்தால் அதற்கு மதிப்பு இருக்காது, நியாயமான விலைக்கு நியாயமான எடையில் விற்போம் என்றேன். அவள் யோசித்தாள். "விக்கிறது சரி, தெரிஞ்சவங்கதானே வாங்கப்போறாங்க, கொஞ்சம் முன்னப் பின்னப் பாத்து நடந்துக்கோங்க" என்றாள். முன்னப் பின்ன. நம் எடையளவு அலுவலகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் வேலை போய்விடும்.

முன்வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டேன். அலுவலகத்தார் பிரிவு உபசாரத்தில் கொடுத்த பித்தளைத் தராசைத் துலக்கி வைத்தேன். காலையில் பறித்தால் பனி ஈரம் எடையில் சேரும், வாங்குகிறவர் தண்ணீருக்குக் காசு கொடுத்ததாக ஆகும். ஆகவே ஒவ்வொரு காயையும் துணியால் துடைத்தேன். கத்தரிக்காய்க் காம்பு சமையலுக்கு உதவாது என்பதால் அதையும் அளவாக நறுக்கினேன். யாராவது தட்டின் அருகே விரலைக் கொண்டுவந்தால் "கையை எடுங்கள்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். எந்தக் கடைக்காரன் இத்தனை செய்வான், சொல்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் அரை கிலோ வெண்டைக்காய் கேட்டார். நிறுத்தேன். ஒரு காயை எடுத்தால் தட்டு ஏறுகிறது, அதே காயைப் போட்டால் இறங்குகிறது. குறைத்துக் கொடுத்தால் நான் திருடன், கூட்டிக் கொடுத்தால் அடுத்து வருகிறவருக்கு அநியாயம். எனவே அந்தக் காயைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பாதியை அவர் பையில் போட்டேன், முள் நடுவில் நின்றது. அவர் அந்தப் பாதியை எடுத்துப் பார்த்தார். "என்ன சார் இது?" என்றார். "உங்கள் எடை" என்றேன். "நான் யாருக்கும் பாதிப் பல்லைப் பிடுங்கி அனுப்பறதில்லையே சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் தெரு முழுக்க ஒரு விபரீதம் பரவியது. யாருக்கும் காய்கறி ஒத்துக்கொள்ளவில்லை. பல் டாக்டர், "வெண்டைக்காய் பல்லுக்கு ஆகாது சார், விட்டுட்டோம்" என்றார். பல் டாக்டரே சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? நானும் இரண்டு நாள் வெண்டைக்காயை வாயின் இடது பக்கத்திலேயே மென்றேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "காய் நறுக்கினா விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது, துணியில கறையாயிடுது சார்" என்றாள். டிரைவர், "கத்தரிக்காய் சாப்பிட்டா எனக்குத் தூக்கம் வந்துடுது, வண்டியில அம்பது உசிரு இருக்குல்ல" என்றார். ஐம்பது உயிர் என்றதும் நானே அவரிடம் கத்தரிக்காயை விற்க மறுத்துவிட்டேன். மேசையும் தராசும் நானும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். போகிறவர்கள் எல்லாம் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், ஒருவரும் நிற்கவில்லை.

இதில் அதிர்ச்சி என்னவென்றால், விற்காத காய் மீதியும் ஆகவில்லை. காலையில் செடியில் எண்ணி வைத்த கத்தரிக்காய் சாயங்காலம் இல்லை. சுவர்மேல் மல்லாந்து கிடந்த சுரைக்காய் மாயம். பூசணி உட்கார்ந்திருந்த இடத்தில் பூசணி அளவுக்குப் பள்ளம். உன் அக்காவிடம் சொன்னேன், "அணில் கொண்டுபோயிருக்கும்" என்றாள். பூசணிக்காயை அணில் தூக்குமா? அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டதும் கொஞ்சம் கண்ணயர்வது என் வழக்கம். முந்தாநாள் படுத்துக் கண்ணை மூடி, ஊரே நம்பும்படி குறட்டை விட்டேன். உன் அக்கா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் பூனை மாதிரி எழுந்து ஜன்னலோரமாகப் போய்ப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். ஐயா, நான் கண்டதை எந்த வார்த்தையில் எழுதுவேன். பின்வாசல் கதவு திறந்திருக்கிறது. வாசற்படியில் உன் அக்கா, முன்னால் கூடை. அவளுக்கு எதிரே வரிசை. வரிசையில் முதல் ஆள், வெண்டைக்காய் பல்லுக்கு ஆகாத பல் டாக்டர். அவருக்குப் பின்னால் விரல் ஒட்டுகிற தையல்காரம்மா. அவளுக்கும் பின்னால், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தூக்கக் கலக்கம் கொஞ்சமும் இல்லாமல் டிரைவர். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பார்கள், இங்கே என் பின்வாசலுக்கே வந்துவிட்டது.

அவள் வியாபாரம் செய்த முறை இருக்கிறதே, அதுதான் இன்னும் அநியாயம். தராசு கிடையாது. கல் கிடையாது. வந்தவரிடம் ஒரே கேள்வி. "இன்னைக்கு வீட்ல எத்தனை பேரு?" பல் டாக்டர், "மாமியார் வந்திருக்காங்கம்மா" என்றார். "அப்ப இன்னொரு பிடி" என்று அள்ளிப் போட்டாள். தையல்காரம்மா, "பொண்ணு ஊருக்குப் போயிட்டா, நான் ஒருத்திதான்" என்றாள். உடனே கூடைக்குள் கையை விட்டுப் பிஞ்சாகப் பொறுக்கி, "ஒருத்திக்கு இது போதும், வாங்கி வாடவிடாதே" என்று கையை மூடிவிட்டாள். வந்த வாடிக்கைக்காரரிடம் குறைவாக வாங்கச் சொல்லும் வியாபாரத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. காசை அவரவர் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் போனார்கள், அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. போகும்போது பல் டாக்டர் மெதுவாக, "சார் என்ன பண்றார்?" என்றார். "தூங்கறார், மெதுவாப் பேசுங்க" என்றாள். என் தூக்கத்தை நம்பி ஒரு சந்தையே நடக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? பாய்ந்தேன். குந்தியிருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது, நொண்டிக்கொண்டே பாய்ந்தேன். அந்த வேகத்தில் இத்தனை வருஷப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. "முத்திரையிடாத அளவு, பறிமுதல்" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிவிட்டேன். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. உன் அக்கா உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தாள். "எதைப் பறிமுதல் பண்றீங்க? கூடையையா, கையையா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டும்தான், அந்தக் கைக்கு என்ன முத்திரை இருக்கு" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இத்தனை வருஷமா இந்தக் கை போட்டதைத்தானே சாப்பிட்டீங்க. ஒரு நாளும் எடை பாக்கலையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பல் டாக்டர் என்னைப் பார்த்த பார்வை, சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை. கூடையும் கையுமாக நான் மட்டும் நின்றேன்.

அன்று ராத்திரி தட்டில் வெறும் சோறு. காய் எங்கே என்றேன். "பறிமுதல் ஆயிடுச்சே" என்றாள். அதோடு பேச்சு நின்றது. பறிமுதல் செய்த கூடை தராசுக்குப் பக்கத்தில் கிடந்து வாடுகிறது, எடுத்துக் கொடுக்கவும் மனசு வரவில்லை, எடுத்துத் தின்னவும் தைரியம் இல்லை. மறுநாள்தான், அதாவது நேற்று, அவள் உனக்குப் போன் செய்தது. பெட்டிகள் இறங்கியதும் அன்றுதான்.

இன்று மத்தியானம் பின்வாசலில் மறுபடி வரிசை நின்றது. ஒளிவு மறைவே இல்லை, நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே. நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அந்தப் பெட்டிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் வீறாப்பெல்லாம் இறங்கிவிட்டது. கடைசியில் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில் நின்றேன். பல் டாக்டர், "சார், கடைசில நில்லுங்க" என்றார். "இது என் வீடு" என்றேன். "வீடு முன்னாடி இருக்கு சார், இது வரிசை" என்றார். அதிலும் நியாயம் இருந்தது, பின்னால் போய் நின்றேன். தையல்காரம்மா மட்டும் தாமதமாக வந்து எனக்குப் பின்னால் நின்றாள். நின்றவள் சும்மா நிற்காமல், "நாங்க துணி தைக்கிறப்போ உள்ளே ரெண்டு விரல் அகலம் துணி விட்டுத்தான் தைப்போம் சார், நாளைக்கு ஆள் பெருத்தா பிரிச்சு விட்டுக்கலாம் பாருங்க" என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

என் முறை வந்தது. உன் அக்கா நிமிரவில்லை. "என்ன வேணும்?" என்றாள். "கத்தரிக்காய், வெண்டைக்காய்" என்றேன். அவள் எல்லோரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டாள்.

"வீட்ல எத்தனை பேரு?"

மைத்துனா, நான் எத்தனையோ பெரிய வியாபாரிகளைக் கேள்வி கேட்டு வியர்க்க வைத்தவன். அந்தக் கேள்விக்கு எனக்கு வியர்த்தது. அவளுக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, அந்தப் பெட்டிகள் தெரிகின்றன.

"ரெண்டு பேரு" என்றேன்.

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருதான். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமும் ரெண்டு பேருதான். அந்தக் கையைப் பத்தி நான் சொன்னது தப்பு."

காயை வாங்கிவிட்டுப் போகாமல் நின்றிருந்த பல் டாக்டர் வேறு பக்கம் பார்த்தார். தையல்காரம்மாவின் பை ஆடுவது நின்றது. உன் அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். கூடையின் ஓரமாகக் கையை விட்டுக் கத்தரிக்காயை அள்ளிப் போட்டாள், வெண்டைக்காயைப் போட்டாள். பிறகு ஒரே ஒரு வெண்டைக்காயை எடுத்துப் பட்டென்று இரண்டாக ஒடித்து, பாதியை என் பையிலும் பாதியைக் கூடையிலும் போட்டாள். "கணக்கு சரியா இருக்கணும்ல" என்றாள். வரிசையே சிரித்தது. நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பையைத் தராசில் வைத்தேன். பழக்கம், என்ன செய்வது. தட்டு தடாலென்று இறங்கியது. எடைக்கல்லுக்கு மேல் எடைக்கல் வைத்தேன். ஓர் ஆள் தின்று தீர்க்கிற காய் இல்லை அது, தாராளமாக இரண்டு பேருக்கு. அவளுடைய கணக்கில் இந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். தராசு பொய் சொல்லாது. உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம், கண் கலங்கிவிட்டது. என் வாழ்நாளில் எடை சரியாக இல்லாததற்குச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியை எடுக்காதே. அக்கா கேட்டால் டயர் பஞ்சர் என்று சொல், பாவம் என்னைச் சேரட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்கு இப்போது புரிந்துவிட்டது. தராசைப் பரணில் ஏற்றிவிட்டு, பெட்டிகளையும் பழையபடி அதன் பக்கத்தில் வைத்துவிடப்போகிறேன். இனி முன்வாசலில் மேசை இல்லை. அவள் சம்மதித்தால் பின்வாசலில் பை பிடிக்கிற உத்தியோகத்துக்கு மனுப் போடுவதாக இருக்கிறேன்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரையும் பறிமுதல் செய்ய வேண்டியிராத நல்ல வேலைக்குப் போகட்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

எடை குறையாத அன்புடன்,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்ட கையோடு பெட்டியைப் பரணில் ஏற்றலாம் என்று தூக்கினேன். அசையவில்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூட்டை நிறுக்கிற என் பழைய கொக்கித் தராசில் மாட்டி, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். சேலைகள் அவ்வளவு எடை வராது, அத்தனையும் பட்டாக இருந்தாலும் வராது. திறந்தேன். உள்ளே சுரைக்காய். ஒவ்வொன்றும் என் ஆபீஸ் சட்டை ஒன்றில் சுற்றி, பொத்தான் போட்டு. அடுத்த பெட்டியில் பூசணிக்காய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கல்யாணப் பெட்டியில் மறைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். உன் அக்கா பின்னால் வந்து நின்று, "நசுங்கிடப்போகுது, மூடுங்க. தம்பி அவன் அடுக்குமாடியில வீடு வீடாச் சொல்லி வச்சிருக்கான், ஞாயித்துக்கிழமை வந்து ஏத்திக்கிட்டுப் போவான்" என்றாள். "அப்ப நீ போகலையா?" என்றேன். "நான் எங்க போறது? இங்க வியாபாரத்தை யாரு பாக்கறது?" என்றாள். அடப்பாவி, நான் இத்தனை பக்கம் மன்றாடியது கூட்டாளியிடமா? கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் வாங்கிப் படித்துவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறதாம், அனுப்பச் சொல்கிறாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு, வரும்போது பெரிய வண்டியாக எடுத்துக்கொண்டு வா. கடைசியாக ஒன்று. அந்தக் கத்தரிக்காயாவது எனக்காக அள்ளிப் போட்டதுதானே என்று கேட்டேன். "அதுவா? பூச்சி விழுந்தது. வெளியாளுக்குக் கொடுக்க முடியாதேன்னு வீட்டுக்குன்னு ஒதுக்கினேன்" என்றாள். நறுக்கிப் பார்த்தேன், உண்மைதான். புழுவையும் சொத்தையையும் எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி நிறுத்துப் பார்த்தேன். அப்போதும் இரண்டு பேருக்குப் போதும்.